3.05ஐ 3.7 ஆக்க எத்தனை கோர்ஸ் எடுக்கணும்?

கேள்வி: மேடம், நாங்க நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கோம். பையன் இந்த மே மாசம்தான் ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டில பயாலஜி முடிச்சான், ஜிபிஏ (4.0க்கு கிரேடு சராசரி) 3.05. சயின்ஸ் மட்டும் பார்த்தா 2.75னு அவனே கணக்கு போட்டு சொன்னான். ஃபர்ஸ்ட் இயர்ல கால்குலஸ் டி, செகண்ட் இயர்ல ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒன்னாம் பாகம் சி மைனஸ், ரெண்டையும் திரும்ப எடுத்து பி வாங்கிட்டான், காலேஜ்லயும் பழைய கிரேடை கணக்குலேர்ந்து எடுத்துட்டாங்க. கடைசி வருஷம் 3.4, நல்ல முன்னேற்றம்தான். சின்ன வயசுலேர்ந்து டாக்டர் ஆகணும்னு ஆசை. மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு எம்கேட் இன்னும் எழுதல. இவங்கப்பா 55,000 டாலர் கட்டி ஒரு வருஷ மாஸ்டர்ஸ்ல சேர்த்துடலாம், டெபாசிட் கட்டிடறேன்ங்கறார். வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் ஆன்லைன்ல ஈஸியா நாலஞ்சு கோர்ஸ் எடுத்தா ஜிபிஏ தானா ஏறிடும்ங்கறார். என் தம்பி கரீபியன் தீவுல இருக்கற மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பு, இல்லன்னா ஊர்ல என்ஆர்ஐ கோட்டால பார்க்கலாம்ங்கறான். நாங்க எதை கேக்கறது? எக்ஸ்ட்ரா கோர்ஸ் எத்தனை எடுத்தா 3.7 ஆகும்? அவன் செகண்ட் இயர் படிக்கறப்போ இவருக்கு பைபாஸ் ஆச்சு, அதனால இருக்குமோ என்னவோ. டிரான்ஸ்கிரிப்ட் இதோட அனுப்பிருக்கேன்.

பதில்:

வணக்கம்மா. நீங்க கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லிடறேன், 323 கிரெடிட். அதுவும் எல்லாத்துலயும் ஏ வாங்கினா. ஒரு டிகிரியே 120தான், அப்போ இன்னும் ரெண்டரை டிகிரிக்கு மேல படிக்கணும். அதனால 3.7ங்கற நம்பரை இன்னிக்கே மறந்துடுங்க, இதை உங்களை பயமுறுத்த சொல்லல, இந்த நம்பரை துரத்தி துரத்தி காசையும் பையனோட ரெண்டு மூணு வருஷத்தையும் விட்டவங்களை பதினாறு வருஷமா என் ஆபீஸ்ல பார்த்துட்டு இருக்கேன், அதனால சொல்றேன்.

323 எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க, ஏன்னா நீங்க 3.05, 120 கிரெடிட்னு வச்சு போட்டா இதைவிட கம்மியா 260தான் வரும். அங்கதான் விஷயமே இருக்கு. எம்டி (இங்க டாக்டர் படிப்போட டிகிரி) காலேஜ்களுக்கு அப்ளை பண்ற ஆம்காஸ்ங்கற பொது அப்ளிகேஷன்ல உங்க பையன் காலேஜ் போட்ட ஜிபிஏவை எடுத்துக்க மாட்டாங்க, டிரான்ஸ்கிரிப்டை வாங்கி ஒவ்வொரு கோர்ஸா அவங்களே திரும்ப கணக்கு போடுவாங்க, அதுல திரும்ப எடுத்த கோர்ஸோட பழைய கிரேடும் சேரும். காலேஜ் மன்னிச்சிருச்சு, ஆம்காஸ் மன்னிக்காது. கால்குலஸ் டி ஒரு நாலு கிரெடிட், ஆர்கானிக் சி மைனஸ் ஒரு நாலு கிரெடிட், ரெண்டையும் திரும்ப உள்ள போட்டா 128 கிரெடிட், 376.8 பாயின்ட் (ஏன்னா 4, டின்னா 1, சி மைனஸ்னா 1.7, கிரெடிட்டால பெருக்கி கூட்டினது). வகுத்து பாருங்க, 2.94. மூணுக்கு கீழ போயிடுச்சு. சயின்ஸையும் அப்படியே பண்ணினா (அவங்க கணக்குல பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், மேத்ஸ் நாலும் சேர்ந்தது, பிசிபிஎம்னு சொல்வாங்க, கால்குலஸும் இதுலதான் வரும்) 2.75 இல்ல, 2.56தான்.

இதை உங்க வீட்டுல முதல்ல எல்லாரும் ஒத்துக்கணும், ஏன்னா 3.05னு நினைச்சு போடற பிளானும் 2.94னு தெரிஞ்சு போடற பிளானும் வேற வேற. டிஓ (ஆஸ்டியோபதிக் மெடிசின், இதுவும் டாக்டர் டிகிரிதான்) காலேஜ்ங்கள்ல முன்னாடி திரும்ப எடுத்தா புது கிரேடை மட்டும் எடுத்துக்கற வசதி இருந்துச்சு, அதை 2017லயே நிறுத்திட்டாங்க. இன்னமும் குரூப்ல யாராவது "டிஓக்கு ரீடேக் பண்ணா போதும்"னு ஃபார்வர்ட் பண்ணிட்டுதான் இருப்பாங்க, அது பழைய கதை.

சரி, அப்போ எக்ஸ்ட்ரா கோர்ஸே வேஸ்ட்டான்னா இல்லவே இல்ல. நாலு வருஷ கிரெடிட்ங்கறது ஒரு பெரிய அண்டா நிறைய உப்பு கரைஞ்ச தண்ணி மாதிரி, மேல ரெண்டு சொம்பு நல்ல தண்ணி ஊத்தினா உப்பு குறையாது, ஆனா அந்த ரெண்டு சொம்பை தனியா ஒரு பாத்திரத்துல வச்சு குடிச்சு பார்க்கற ஆளுங்க அங்க இருக்காங்க. நிஜமாவே தனியாதான் வைப்பாங்க. ஆம்காஸ் அப்ளிகேஷன்ல கிரேடுக்குன்னு ஒரு கட்டம் போட்ட பெட்டி வரும், மேல பிசிபிஎம், மத்தது, மொத்தம்னு மூணு பத்தி, இடது பக்கம் ஃப்ரெஷ்மன், சோஃபமோர், ஜூனியர், சீனியர், அதுக்கு கீழ போஸ்ட்பேக்னு ஒரு வரிசை, டிகிரி முடிச்சப்புறம் எடுத்த அண்டர்கிராஜுவேட் கோர்ஸ் எல்லாம் அதுல வந்து உக்காரும், அதுக்கும் கீழ எல்லாம் கூட்டின மொத்தம், கடைசில கிராஜுவேட். நான் நடுவுல அஞ்சு வருஷம் ஒரு மெடிக்கல் ஸ்கூல் அட்மிஷன் கமிட்டிக்கு அப்ளிகேஷன் படிச்சு கொடுத்துட்டு இருந்தேன், எனக்கு பக்கத்துல உக்காந்து படிச்சவர் ஒரு வயசான பேத்தாலஜிஸ்ட், அவர் என்ன பண்ணுவார்னா ஒவ்வொரு ஃபைலையும் பிரின்ட் எடுத்து அந்த பெட்டியோட மேல் ரெண்டு வரிசையை ஒரு இன்டெக்ஸ் கார்டால மூடிட்டு கீழ இருக்கறதை மட்டும் முதல்ல பார்ப்பார், அப்புறம்தான் கார்டை எடுப்பார். "பதினெட்டு வயசுல இவன் என்னவா இருந்தான்ங்கறது எனக்கு ரெண்டாவது"ம்பார். எல்லாரும் அவர் மாதிரி இல்ல, ஆனா அவர் மாதிரி கொஞ்ச பேர் எல்லா கமிட்டிலயும் இருக்காங்க.

ஆனா அவங்க கைக்கு ஃபைல் போய் சேரணுமே, அதுக்குதான் 3.0. சில காலேஜ்ல 3.0க்கு கீழ இருந்தா மனுஷன் கண்ணுல படறதுக்கு முன்னாடியே ஓரம் கட்டிடுவாங்க. இங்க உங்களுக்கு ஒரு நல்ல சேதி, 2.94லேர்ந்து 3.0 தாண்ட எட்டு கிரெடிட் ஏ போதும், ரெண்டே கோர்ஸ். சயின்ஸ் 2.56 மூணை தொட 26 கிரெடிட் வேணும், கஷ்டம்தான், ஆனா நடக்கற காரியம். ஒரு 30 கிரெடிட் சயின்ஸ்ல எல்லாத்துலயும் ஏ வாங்கறான்னு வைங்க, மொத்தம் 3.14, சயின்ஸ் 3.05, போஸ்ட்பேக் வரிசைல 4.0. பேப்பர்ல 3.14ங்கறது சின்ன நம்பர்தான். எம்டி காலேஜ்ல சேர்றவங்களோட சராசரி ஜிபிஏ இப்போ 3.75க்கு மேல, எம்கேட் 511, 512 கிட்ட, வருஷத்துக்கு 50,000 பேருக்கு மேல அப்ளை பண்ணி 23,000 பேர் மாதிரி சேர்றாங்க, அதனால அந்த 3.14 தனியா நின்னா ஒன்னும் ஆகாது. 2.56 சயின்ஸுக்கு கீழ ஒரு 4.0 வரிசை நிக்குதே, அந்த படிக்கட்டு மாதிரி தெரியற ஏத்தம், அதுதான் விக்கும்.

இப்போ அந்த கடைசி வருஷ 3.4. நீங்க அதை நல்ல முன்னேற்றம்னு எழுதிருக்கீங்க, எனக்கு டிரான்ஸ்கிரிப்டை பார்த்தா அப்படி தோணலம்மா, மன்னிச்சுக்கங்க. பயோகெமிஸ்ட்ரி பி, ஜெனடிக்ஸ் பி பிளஸ். மீதி ஏ எல்லாம் எங்க வந்திருக்கு, ஃபிலிம் ஸ்டடீஸ், சோஷியாலஜி, பப்ளிக் ஸ்பீக்கிங். தப்பில்ல, எடுக்க வேண்டியதுதான், ஆனா படிக்கறவர் கண்ணு நேரா பயோகெமிஸ்ட்ரிக்குதான் போகும். உங்க பையன் நாலு வருஷத்துல ஒரு கஷ்டமான சயின்ஸ் கோர்ஸ்ல கூட முழு ஏ வாங்கலை. ஆர்கானிக் ரெண்டாம் பாகம் சி, ஃபிசிக்ஸ் சி பிளஸ், ஜெனரல் கெமிஸ்ட்ரி சி பிளஸ், பி மைனஸ். அவனால முடியாதுன்னு இதை வச்சு சொல்ல மாட்டேன், முடியும்னு அவன் இன்னும் யாருக்கும் காட்டலை, அவனுக்கே காட்டிக்கலை.

அதனால கோர்ஸ் லிஸ்ட் எழுதறதுக்கு முன்னாடி ஏன் இப்படி ஆச்சுன்னு பார்த்தாகணும். நீங்க கடைசி வரில பைபாஸ் பத்தி போற போக்குல எழுதிட்டு போயிட்டீங்க. அந்த செமஸ்டரை பார்த்தேன், அஞ்சு கோர்ஸ், அதுல ஆர்கானிக் சி மைனஸ், ஒன்னுல பாதில டபிள்யூ போட்டு வெளிய வந்திருக்கான், அது கணக்குல சேராது, பரவால்ல. அந்த செமஸ்டருக்கு பைபாஸ் நியாயமான காரணம், அவன் கூச்சப்படாம அப்ளிகேஷன்ல எழுதலாம், இப்போ அதுக்குன்னே தனியா ஒரு சின்ன கட்டுரை இடம் வச்சிருக்காங்க. ஆனா கால்குலஸ் டி அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. ஜெனரல் கெமிஸ்ட்ரியும் அதுக்கு முன்னாடி. அப்பாவுக்கு ஒன்னும் ஆகாத செமஸ்டர்லயும் கிரேட் விழுந்திருக்கு, எல்லாத்தையும் அப்பா நெஞ்சுல கொண்டு போய் வச்சா படிக்கறவங்க கண்டுபிடிச்சிடுவாங்க, அவங்க தேதி பார்த்துதான் படிப்பாங்க.

நான் யூகிக்கறது, தப்பா இருந்தா அவன் திருத்தட்டும், ஹைஸ்கூல்ல நல்லா மனப்பாடம் பண்ணி ஏ வாங்கின பையன், முந்நூறு பேர் உக்காந்த லெக்சர் ஹால்ல போய் அதே மாதிரி ஸ்லைடை நாலு தடவை வாசிச்சிட்டு பரீட்சைக்கு போயிருப்பான், புரொஃபசர் ஆபீஸ் அவர்ஸுக்கு ஒரு தடவை கூட போயிருக்க மாட்டான், கேட்டா முட்டாள்னு நினைப்பாங்கன்னு. நம்ம பிள்ளைங்க கிட்ட இதை ரொம்ப பார்க்கறேன், வீட்டுல எப்பவும் "நல்லா படிக்கற பையன்"னு பேர் எடுத்ததுங்க, உதவி கேக்கறதை அவமானமா நினைக்குதுங்க. ஒரு பையன் என்கிட்ட ஆர்கானிக் நோட்டை கொண்டு வந்தான், ரியாக்ஷன் எல்லாம் நாலு கலர்ல எழுதி அவ்வளவு அழகு, கோலம் மாதிரி, ஒரு வெத்து பேப்பரை கொடுத்து இந்த எலக்ட்ரான் எங்க போகுது, அம்பு போடுன்னேன், கை நகரலை. அதே பையன் அடுத்த செமஸ்டர் அந்த நோட்டையே தொடல, தினம் பத்து கணக்கு வெத்து பேப்பர்ல, முடியாததை மறுநாள் திரும்ப, சனிக்கிழமை டிஏ (டீச்சிங் அசிஸ்டென்ட்) கிட்ட போய் உக்காந்தான், ஏ மைனஸ் வாங்கினான். உங்க பையன் கிட்ட இது மாறலன்னா 30 கிரெடிட் எடுத்து இன்னும் 30 கிரெடிட் பிதான் வாங்குவான், அது எதுவும் எடுக்காம இருக்கறதை விட மோசம்.

என்ன கோர்ஸ்னா, திரும்ப பழசையே எடுக்க வேணாம். நிறைய காலேஜ் கேக்கறது முக்கியமான கோர்ஸ்ல சி அல்லது அதுக்கு மேல, சி மைனஸ்னா திரும்ப எடுத்தே ஆகணும், அதை அவன் ஏற்கனவே எடுத்துட்டான். ஆர்கானிக் ரெண்டாம் பாகம் சி, ஃபிசிக்ஸ் சி பிளஸ், இது ரெண்டையும் அப்படியே விடுங்க. அதே கோர்ஸை ரெண்டாவது தடவை எடுத்து ஏ வாங்கினா "ரெண்டாவது தடவை"ங்கற சந்தேகம் எப்பவும் இருக்கும், அதுக்கு பதிலா அதுக்கு மேல இருக்கற கோர்ஸ்ல போய் ஏ வாங்கட்டும், பயோகெமிஸ்ட்ரி ரெண்டாம் பாகம், செல் பயாலஜி, ஹ்யூமன் ஃபிசியாலஜி, இம்யூனாலஜி, மைக்ரோபயாலஜி, இருந்தா ஹிஸ்டாலஜி. பயோகெமிஸ்ட்ரி ரெண்டாம் பாகத்துல ஏ வாங்கினா ஆர்கானிக் சி பத்தி யாரும் ரொம்ப பேச மாட்டாங்க. வாட்ஸப்காரர் சொல்ற ஆன்லைன் ஈஸி கோர்ஸ் இருக்கே, மெடிக்கல் டெர்மினாலஜி, நியூட்ரிஷன், அதெல்லாம் பிசிபிஎம்லயே சேராது, சயின்ஸ் ஜிபிஏ அசையாது, கமிட்டில பார்த்தா இவன் கஷ்டத்தை கண்டா ஒதுங்கறான்னுதான் படும். நான் அப்படி ஒரு ஃபைல் பார்த்தேன், போஸ்ட்பேக் 4.0, ஆறு கோர்ஸ், ஆறும் இந்த ரகம், பேத்தாலஜிஸ்ட் கார்டை எடுத்துட்டு சிரிச்சார்.

எங்க படிக்கறதுன்னா, அவன் நாலு வருஷ யூனிவர்சிட்டிலதான் விழுந்தான், அங்கயே எழுந்து காட்டறது நல்லது, கம்யூனிட்டி காலேஜ்ல ஏ வாங்கினா குத்தம் ஒன்னும் இல்ல, காசு முடியாதவங்க அங்கதான் படிக்கணும், அது கமிட்டிக்கும் தெரியும், ஆனா உங்க கேஸ்ல அது பாதி பதில்தான். ரட்கர்ஸ் மாதிரி உங்க ஸ்டேட் யூனிவர்சிட்டில, இன்ஸ்டேட் ஃபீஸ்ல ஒரு இடம் பாருங்க. ஒரு சிக்கல் இருக்கு, டிகிரி இல்லாத ஸ்டூடன்ட்டா சேர்ந்தா ரெஜிஸ்ட்ரேஷன்ல கடைசி ஆள் நீங்கதான், எல்லாரும் எடுத்தது போக மிச்சம், நல்ல கோர்ஸ் எல்லாம் நிரம்பிடும், அதனால சில பசங்க ரெண்டாவது பேச்சலர்ஸ்னு சேர்ந்துக்கறாங்க, முடிக்கணும்னு கட்டாயம் இல்ல, ரெஜிஸ்ட்ரேஷனும் முன்னாடி கிடைக்கும், லோனுக்கும் வழி இருக்கும். ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷன், பெர்க்லி எக்ஸ்டென்ஷன்னு தனித்தனியா கோர்ஸ் எடுக்கற இடங்களும் இருக்கு, வேலை பார்த்துட்டே படிக்கறவங்களுக்கு அது சரி. ஆனா பிரின் மார், கௌச்சர்னு பேர் கேள்விப்பட்டு அங்க அப்ளை பண்ணிடாதீங்க, நல்ல புரோகிராம்தான், அது இங்கிலீஷ், எக்கனாமிக்ஸ் படிச்சிட்டு சயின்ஸே எடுக்காம வர்றவங்களுக்கு.

இன்னொன்னு, எங்க எது படிச்சாலும் எல்லா டிரான்ஸ்கிரிப்டும் போகணும். ஹைஸ்கூல்ல கம்யூனிட்டி காலேஜ்ல டூயல் கிரெடிட்னு ஒரு கோர்ஸ் எடுத்திருந்தா அதுவும். மறைச்சா அது கிரேடை விட பெரிய பிரச்சனை ஆயிடும்.

எவ்வளவு வேகத்துலன்னு கேட்டா, மெதுவா. இந்த ஃபால்ல ரெண்டே கோர்ஸ். அஞ்சு கோர்ஸ் எடுத்து அசத்தணும்னு அவனுக்கு தோணும், உங்களுக்கும் தோணும், வேணாம். ரெண்டுலயும் ஏ வந்தா ஸ்பிரிங்ல மூணு, ஒரே நேரத்துல மூணு கஷ்டமான சயின்ஸ் தாங்கறானான்னு கமிட்டியும் பார்க்கும். சம்மர்ல ஒன்னு எடுக்கலாம், அடுத்த ஃபால்ல மீதி. ரெண்டுல ஒன்னு பி வந்தாகூட அங்கயே நிறுத்திட்டு எனக்கு எழுத சொல்லுங்க, அடுத்த செமஸ்டர்ல பார்த்துக்கலாம்னு போகக்கூடாது.

எம்கேட் இது முடியற வரைக்கும் தொட வேணாம், "சும்மா எழுதி பார்க்கலாம்"னு ஒரு பேச்சு இருக்கே, அதை வீட்டுக்குள்ள விடாதீங்க, எழுதின ஸ்கோர் எல்லாமே போகும், வாழ்நாளுக்கே ஏழு தடவைதான் எழுத முடியும். கோர்ஸ் எல்லாம் முடிஞ்ச கையோட ஜனவரிலேர்ந்து ஏப்ரலுக்குள்ள எழுதலாம், ஃபிசியாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் அப்போ சூடா மனசுல இருக்கும். 472லேர்ந்து 528 வரைக்கும் போற ஸ்கேல்ல இந்த ஜிபிஏக்கு 510க்கு மேல வந்தா எம்டி பத்தி பேசலாம், 505 மாதிரின்னா டிஓவை முதல்ல வைக்கணும். டிஓன்னா முகம் சுளிக்காதீங்க, 2020லேர்ந்து ரெசிடென்சி (டிகிரி முடிச்சப்புறம் ஹாஸ்பிடல்ல எடுக்கற பயிற்சி) அங்கீகாரம் ரெண்டுக்கும் ஒன்னாயிடுச்சு, உங்க நியூ ஜெர்சிலயே ரோவன் யூனிவர்சிட்டில எம்டியும் இருக்கு டிஓவும் இருக்கு, ஒரே யூனிவர்சிட்டில ரெண்டும். உங்க வீட்டுக்காரர் பைபாஸ் வார்டுல பார்த்த டாக்டர்ல ஒருத்தர் டிஓவா இருந்திருப்பார், நீங்க பேட்ஜை பார்த்திருக்க மாட்டீங்க.

அப்ளிகேஷன் மே மாசம் திறக்கும், ஜூன் ஆரம்பத்துல அனுப்பிடணும், வர்ற வர்ற படிச்சு சீட் கொடுத்துட்டே போவாங்க, செப்டம்பர்ல அனுப்பினா பந்தி முடிஞ்சப்புறம் இலை போட்ட மாதிரி. இதுல நிறைய பேர் பண்ற தப்பு, ஸ்பிரிங் கோர்ஸ் நடந்துட்டு இருக்கும்போதே அப்ளை பண்ணிட்டு ஏ வந்ததும் ஜிபிஏ ஏறிடும்னு நினைக்கறது, ஆம்காஸ் ஒரு தடவை சரிபார்த்துட்டா அந்த வருஷம் ஜிபிஏவை திரும்ப கணக்கு போடாது. ஏ எல்லாம் டிரான்ஸ்கிரிப்ட்ல ஏறினப்புறம் அப்ளை பண்ணுங்க. அப்படி பார்த்தா அவன் டிகிரி முடிச்சு மூணு வருஷம் கழிச்சுதான் மெடிக்கல் ஸ்கூல்ல காலடி வைப்பான். உங்களுக்கு அது இடியா இருக்கலாம். இங்க சேர்றவங்கள்ல பாதிக்கு மேல காலேஜ் முடிச்சு ஒரு வருஷமாவது வெளிய இருந்துட்டு வர்றவங்கதான், கல்யாணத்துல யாராவது "இன்னும் என்ன பண்றான்"னு கேட்டா ஹாஸ்பிடல்ல வேலை பார்க்கறான்னு சொல்லுங்க, அது உண்மையாவும் இருக்கணும், ஈஎம்டியோ (ஆம்புலன்ஸ்ல போறவங்க) ஸ்கிரைபோ (டாக்டருக்கு குறிப்பு எழுதறவங்க) மெடிக்கல் அசிஸ்டென்ட்டோ ஏதாவது ஒன்னு, வாரத்துக்கு பதினஞ்சு இருபது மணி நேரம், பரீட்சை வாரத்துல ஷிஃப்டை குறைச்சுக்கலாம்னு முதல்லயே பேசிட்டு.

இப்போ உங்க வீட்டுக்காரரோட மாஸ்டர்ஸ். ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்ங்கறது நிஜமாவே ஒரு வழி, ஜார்ஜ்டவுன்ல 1975லேர்ந்து நடத்தறாங்க, மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் படிக்கற பாடத்தையே படிச்சு அவங்க எழுதற பரீட்சையையே எழுதணும், நல்லா பண்ணினா கதவு திறக்கும். ஆனா அந்த பெட்டியை ஞாபகம் வச்சுக்கங்க, கிராஜுவேட் வரிசை தனி. மாஸ்டர்ஸ்ல 4.0 வாங்கினாலும் 2.94 அப்படியே 2.94தான் நிக்கும், ஓரம் கட்டற இடத்துல அதே ஓரம்தான். அதுவும் இல்லாம அது கடைசி துருப்பு, அங்க பி பி பிளஸ்னு வந்தா மெடிக்கல் ஸ்கூல் பாடமே இவனுக்கு வரலைன்னு எழுதி கையெழுத்து போட்ட மாதிரி, அப்புறம் காட்டறதுக்கு ஒன்னும் இருக்காது. ஒரு சயின்ஸ் ஏ கூட வாங்காத பையனை நேரா அங்க இறக்கறது நீச்சல் தெரியுமான்னு கிணத்துல தள்ளி பார்க்கற கதை. 30 கிரெடிட் முடிச்சு எம்கேட் கைல வச்சுட்டு இன்னும் ஒரு தள்ளு வேணும்னா அப்போ பேசலாம். லோன் வேற, 2026 ஜூலை 1லேர்ந்து கிராட் பிளஸ்ங்கற கவர்ன்மென்ட் லோன் புதுசா எடுக்கறவங்களுக்கு கிடையாது, மாஸ்டர்ஸுக்கு ஃபெடரல் லோன் வருஷத்துக்கு 20,500தான், 55,000ல மீதி உங்க கைலேர்ந்தோ பிரைவேட் பேங்க்லேர்ந்தோதான் வரணும்.

தம்பி சொன்னதுக்கு ரெண்டு வரி. கரீபியன்ல போய் நல்லா வந்த டாக்டர் எனக்கே தெரியும், சீட் கிடைக்கறது அங்க கஷ்டமே இல்ல, உள்ள போய் தாக்குப்பிடிச்சு வெளிய வர்றதுதான் கஷ்டம். வெளிநாட்டுல படிச்சிட்டு வர்ற அமெரிக்கன் பசங்களுக்கு 2024 மேட்ச்ல (ரெசிடென்சி இடம் ஒதுக்கற முறை) ரெசிடென்சி கிடைச்சது 67 சதவீதம், இங்க எம்டி முடிக்கறவங்களுக்கு 93 கிட்ட. 2022லேர்ந்து டாக்டர் லைசென்ஸ் பரீட்சையோட முதல் பகுதி, ஸ்டெப் ஒன்னுக்கு மார்க்கே கிடையாது, பாஸ் ஃபெயில்தான், முன்னெல்லாம் அந்த மார்க்கை வச்சு மேல வந்தவங்களுக்கு இப்போ அந்த ஏணி இல்ல. முதல் வழியா அதை எடுக்காதீங்க. ஊர்ல என்ஆர்ஐ கோட்டான்னாலும் நீட் எழுதாம கிடையாது, முடிச்சிட்டு இங்க வந்தா அதே வெளிநாட்டு டாக்டர் வரிசைலதான் நிக்கணும். அந்த பையனுக்கு தமிழ்ல பேஷன்ட் கிட்ட கேஸ் ஹிஸ்டரி கேக்க வருமான்னு தம்பியை கேளுங்க.

கடைசியா ஒன்னு, கொஞ்சம் கசக்கும். இந்த லெட்டரை எழுதினது நீங்க. மாஸ்டர்ஸ் சொல்றது அப்பா, கரீபியன் சொல்றது மாமா. சின்ன வயசுலேர்ந்து ஆசைன்னு எழுதிருக்கீங்க, யாரோட ஆசைன்னு நான் கேக்கல, அவன் என்ன சொல்றான்னு மட்டும் அந்த முழு லெட்டர்ல தேடினேன், சயின்ஸ் 2.75னு கணக்கு போட்டு சொன்னதைத் தவிர ஒரு வார்த்தை இல்ல. இங்க காலேஜ்ல சேர்ந்துட்டா பிள்ளையோட ரெக்கார்டை பத்தி அவன் கையெழுத்து இல்லாம அம்மா அப்பா கிட்ட கூட பொதுவா நாங்க பேசக்கூடாதுன்னு சட்டம், 1974லேர்ந்து இருக்கு, ஃபெர்பான்னு பேர், அதை பல பேரன்ட்ஸ் என்கிட்ட திட்டிருக்காங்க. எனக்கு அது பிடிச்ச சட்டம். ரூம் கதவை சாத்தினப்புறம்தான் பசங்க வாயை திறக்கும், "ஆன்ட்டி எனக்கு இது வேணும், ஆனா இப்படி வேணாம்"னு ஒரு பொண்ணு அழுதுட்டே சொன்னா, இப்போ அவ பப்ளிக் ஹெல்த்ல இருக்கா, இன்னொருத்தன் "எனக்கு டாக்டர்தான் ஆகணும், அப்பா எனக்காக ஃபோன் பண்றதை நிறுத்தினா நான் படிச்சிடுவேன்"னான், அவன் இப்போ ரெசிடென்ட்.

உங்க பையன் எந்த ரகம்னு எனக்கு தெரியாது, நீங்க சொல்லியும் தெரிஞ்சுக்க முடியாது. மாஸ்டர்ஸ் டெபாசிட் கடைசி தேதி எதுன்னு நீங்க எழுதல, அது வர்ற வாரமா இருந்தாலும் சரி, கட்ட வேணாம்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வைங்க. அவனை அவன் மெயில்லேர்ந்தே எனக்கு எழுத சொல்லுங்க, ஃபர்ஸ்ட் இயர் கால்குலஸ் எப்படி போச்சுன்னு ஒரு பக்கம், ஃபால்ல எடுக்க நினைக்கற ரெண்டு கோர்ஸ் பேர், அவ்வளவு போதும். அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க படிச்சு பார்க்காதீங்க.